இரண்டே முக்கால் வயதில் நிறம், எண், எழுத்து எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

முற்றத்துமல்லி:
அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது ஆகிறது. சென்ற வாரம் ஒரு மழலையர் பள்ளியில் சேர்க்கை குறித்து விசாரிக்கச் சென்றபோது, அங்கிருந்த ஆசிரியை நான்கு வண்ணக் கட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார். அவன் நான்கையும் "ரெட்டு" என்றான். பத்து வரை தடையின்றிச் சொல்கிறான், ஆனால் மூன்று பிஸ்கட் எடுத்து வா என்றால் கை நிறைய அள்ளி வருகிறான். எழுத்து ஒன்றும் தெரியாது. "வீட்டில் எதுவும் சொல்லித் தருவதில்லையா?" என்று அவர் கேட்டது இரண்டு நாட்களாக என்னை உறங்கவிடவில்லை. மற்றபடி நன்றாகப் பேசுகிறான், கதை கேட்கிறான், சொன்ன வேலையைச் செய்கிறான். எந்த வயதில் எது வரும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாலர்வகுப்பு:
சகோதரி, பதினெட்டு ஆண்டுகளாக மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோடு இருப்பவள் நான். நீங்கள் எழுதியதில் தாமதம் என்று சொல்லத்தக்க எதுவும் எனக்குத் தென்படவில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில், நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யக்கூடியவை மட்டுமே அந்தந்த வயதுக்கு நேரே தரப்பட்டுள்ளன. இரண்டரை வயதுக்கு அதில் இருப்பது, "சிவப்பு எது?" என்று கேட்டால் சுட்டிக்காட்டும் அளவில் ஏதேனும் ஒரு நிறம் தெரிந்திருப்பதுதான், சில நிறங்களின் பெயரைச் சொல்வது நான்கு வயதிலும், பத்து வரை எண்ணுவதும் சில எழுத்துகளைச் சொல்வதும் ஐந்து வயதிலும் வருகின்றன.

நான்கு மாதக் குழந்தையின் கண்ணே நிறங்களை வகை பிரித்துவிடுகிறது. கடினமாக இருப்பது பெயர்தான். பந்து என்றால் கையில் பிடித்துப் பார்க்கலாம். சிவப்போ பந்திலும் இருக்கிறது, தக்காளியிலும் இருக்கிறது, அம்மாவின் புடவையிலும் இருக்கிறது. அந்தச் சொல் இவற்றில் எதைக் குறிக்கிறது என்பதைக் குழந்தை தானாகவே பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. சார்லஸ் டார்வினே தம் குழந்தைகள் நிறப் பெயர்களில் தடுமாறியதைக் கண்டு, அவர்களுக்கு நிறக்குருடு இருக்குமோ என்று ஐயுற்றதை 1877இல் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் சிவப்பு, ரெட்டு என்று இரண்டு பெயர்கள் வேறு புழங்குகின்றன.

ஒரே அளவிலான கிண்ணங்கள் இரண்டை, நிறம் மட்டும் மாறுபடும்படி எடுத்து வைத்து, முதலில் நிறத்துக்கு நிறம் சேர்க்கச் சொல்லுங்கள். அது வந்தபின் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். பெயர் கேட்பது கடைசிப் படி. அந்த ஆசிரியை கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

எழுத்துக்கு இப்போது அவசரம் வேண்டாம். வட்டத்தைப் பார்த்து வரைய மூன்று வயதும், கூட்டல் குறிக்கு நான்கும், சதுரத்துக்கு நான்கரையும், முக்கோணத்துக்கு ஐந்தும் ஏறக்குறைய ஆகின்றன. அப்படியிருக்க, சுழியும் வளைவும் நேர்கோடும் சேர்ந்த 'அ'வை மூன்று வயதுக் கையில் திணிப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழக்கம். இரண்டே கோடுகளில் முடியும் 'ட' கூடப் பிறகு வரட்டும்.

கணக்குப்பிரியன்:
எண்ணைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பத்து வரை சொல்வது அந்த வயதில் பாட்டை ஒப்பிப்பது போன்றது. கேரன் வின் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் குழந்தைகளிடம் "இத்தனை பொம்மை கொடு" என்று கேட்டு ஆராய்ந்தார். முதலில் ஒன்று மட்டும் சரியாகக் கொடுத்து, மற்ற எந்த எண்ணுக்கும் ஒரு கைப்பிடி அள்ளித் தருவார்கள்; சில மாதங்கள் கழித்து இரண்டு, பின்னர் மூன்று என்று மெல்ல நகர்ந்து, மூன்றரை, நான்கு வயதளவில்தான் எண்ணி முடித்த கடைசிச் சொல்லே மொத்தம் என்பது பிடிபடும். ஆகவே உங்கள் மகன் அள்ளி வருவது வயதுக்கு ஏற்ற செயலே. "ஒரு பிஸ்கட்" என்று கேட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் இரண்டுக்குச் செல்லுங்கள். தட்டில் இட்லி வைக்கும்போது, "இரண்டு இட்லி: ஒன்று, இரண்டு" என்று தொட்டுக் காட்டி எண்ணுங்கள்.

முற்றத்துமல்லி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முயன்று பார்த்தேன். ஒரு பிஸ்கட் என்றால் ஒன்றே ஒன்று கொண்டுவந்தான், மஞ்சளையும் நீலத்தையும் பிழையில்லாமல் பிரித்து வைத்தான். பச்சையும் பழுப்பும் மட்டும் கலந்தன. என் தம்பிக்கும் அந்த இரண்டும் எப்போதும் குழம்பும் என்பதால் கேட்கிறேன், இது பரம்பரையாக வருமா?

கண்ணொளி:
வரக்கூடும், தோழி. சிவப்பு–பச்சைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக, பெரும்பாலும் தாயிடமிருந்து மகனுக்குச் செல்வது. உங்கள் தம்பிக்கு அது இருந்தால், உங்களிடம் அந்த மரபணு இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்களிடம் இருந்தால் மகனுக்கும் அதே வாய்ப்பு. எனினும் ஒரு நாள் விளையாட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நான்கு வயதை ஒட்டி, எண்களுக்குப் பதில் வடிவங்கள் கொண்ட புள்ளிப் படங்களைக் காட்டிக் கண் மருத்துவர் சோதிப்பார். குறைபாடு உறுதியானால் பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் என் மகனுக்கு அது இருப்பது தெரியும் முன்பு, இலைகளுக்குப் பழுப்பு நிறம் தீட்டியதற்காக அவன் இரண்டு ஆண்டுகள் திட்டு வாங்கினான்.