நெடுநாள் உழைக்கும் கேமிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுத்த மூவரின் அனுபவங்கள்

ஒரு கேமிங் கணினி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை வாங்கும் நாளில் அது காட்டும் வேகத்தைக் கொண்டு கணிக்க இயலாது என்பதை, 2017இல் நான் பொருத்திக் கொடுத்த இரண்டு கணினிகளைத் தொடர்ந்து கவனித்து வந்ததில் தெரிந்துகொண்டேன். என் சித்தப்பாவின் மகன்கள் இருவரும் அந்த ஆண்டில் தனித்தனியே கணினி வாங்கினார்கள். மூத்தவன் இன்டெல் கோர் ஐ7-7700கே ப்ராசசரைத் தேர்ந்தெடுத்தான். இளையவன் ஏஎம்டி ரைசன் 5 1600 ப்ராசசரையும் பி350 சிப்செட் (பாகங்களை இணைத்து இயக்கும் சிப்) கொண்ட மதர்போர்டையும் வாங்கினான். அன்றைய விளையாட்டுகளில் மூத்தவனின் கணினியே தெளிவாக முந்தியது.

2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது இரண்டு ப்ராசசர்களும் அதன் ஆதரவுப் பட்டியலுக்கு வெளியே நின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடையும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே இருவருமே என்றைக்காவது ப்ராசசரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. மூத்தவனுடைய சிக்கல் என்னவென்றால், 2017ஆம் ஆண்டின் இறுதியிலேயே வெளிவந்த இன்டெலின் 8700கே ப்ராசசர் அந்த ஆதரவுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தும், ப்ராசசரைப் பொருத்தும் சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151 ஆக இருந்தும், அவனுடைய 200 வரிசை மதர்போர்டு அதனை ஏற்கவில்லை. அதற்கென்று இன்டெலின் 300 வரிசைச் சிப்செட் கொண்ட வேறு மதர்போர்டு வேண்டும். கடைசியில் அவன் மதர்போர்டு, ப்ராசசர் இரண்டையும் ஒருசேர மாற்றினான்.

இளையவனோ ப்ராசசரை மட்டும் மாற்றினான். அவனுடைய மதர்போர்டில் இருந்த ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்போம் என்றுதான் ஏஎம்டி முதலில் சொல்லியிருந்தது. ரைசன் 5000 வரிசை வரவிருந்த நேரத்தில் பழைய மதர்போர்டுகளை விலக்கிவிடவும் முனைந்தது. பயனர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு தன் 400 வரிசை மதர்போர்டுகளுக்கும், 2022இல் பி350 உள்ளிட்ட 300 வரிசைக்கும் வழி திறந்தது. அதனால் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசசர், ஐந்து ஆண்டு பழைய பலகையில் போய் உட்கார்ந்தது. இதில் இளையவனின் தொலைநோக்கு என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் யாராலும் இதைக் கணித்திருக்க முடியாது. ஆனால் இப்போது வாங்குபவர்கள், ஒரு சாக்கெட்டில் இன்னொரு தலைமுறை வருமா என்பதை நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்தாவது ஓரளவு அறியலாம். ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கும் அப்பால் கொண்டுசெல்வதாக ஏஎம்டி கூறியிருக்கிறது. நான் மதர்போர்டு தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். விளக்கு அலங்காரத்தைப் பார்ப்பதே இல்லை.

அந்த ப்ராசசர் மாற்றத்தை நெருக்கமாக விவரிப்பது சிலருக்கு உதவும். பழைய ப்ராசசர் பலகையில் இருக்கும்போதே பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளை) புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் பொருத்திவிட்டால் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது, திரையில் ஒன்றும் வராது. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி மட்டுமே என்பதால், சில நிறுவனங்கள் புதிய ப்ராசசர்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக மிகப் பழைய ப்ராசசர்களுக்கான ஆதரவை நீக்கியிருந்தன. ஆகவே மதர்போர்டு தயாரிப்பாளரின் ப்ராசசர் பட்டியலில் எந்தப் பயாஸ் பதிப்புக்கு எந்த ப்ராசசர் என்பதை வரி வரியாகப் படித்துவிட்டே தொடங்கினேன். புதுப்பித்த பிறகு பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியையும் ராம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அமைப்பையும் மறுபடி இயக்க வேண்டியிருந்தது. ப்ராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் இப்போது பல பலகைகளில் வருகிறது. நீண்ட காலம் வைத்திருக்க எண்ணுபவர்கள் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

திரைக் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. அதை நெடுநாள் பாகம் என்று எண்ணி வாங்கக் கூடாது. 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 3 ஜிபி வகையை வாங்கியவர்கள் 6 ஜிபி வகையை வாங்கியவர்களைவிட மிக விரைவில் அதை மாற்ற நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கார்டின் நினைவகத்தைப் பிறகு கூட்ட வழியில்லை. 2017இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ தன் 11 ஜிபி நினைவகத்தால் வெகுகாலம் தாக்குப்பிடித்தது உண்மை. ஆயினும் 2024ஆம் ஆண்டின் இறுதியில், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) வன்பொருள் இல்லாத கார்டுகளை அதிகாரபூர்வமாக ஏற்காத பெரிய விளையாட்டு ஒன்று வெளிவந்தது. அந்த இடத்தில் நினைவகம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. எனவே உச்ச விலைக் கார்டு ஒன்றைப் பத்து ஆண்டுக்கு என்று வாங்குவதைவிட, போதிய நினைவகமுள்ள நடுத்தரக் கார்டை வாங்கி இடையில் ஒருமுறை மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையை மட்டும் அந்த அடுத்த கார்டையும் மனத்தில் வைத்து வாங்குங்கள்.

* * *

மேலே எழுதிய நண்பர் பவர் சப்ளையை ஒரே வரியில் கடந்துவிட்டார். என் அனுபவம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அலுவலக நண்பர் ஒருவரின் கணினி, விளையாட்டின் பரபரப்பான காட்சிகளில் மட்டும் சட்டென்று அணைந்துவிடும். ராமைச் சோதித்தோம், வெப்பநிலையைப் பார்த்தோம், விண்டோஸை மறுபடி நிறுவினோம், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு பவர் சப்ளையை வெளியே எடுத்து அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தபோது விஷயம் புரிந்தது. பெட்டியில் 650 வாட் என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு 38 ஆம்பியர்தான் இருந்தது. 12ஐ 38ஆல் பெருக்கினால் 456 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரத்தை எடுக்கின்றன. மீதி வாட்டுகள் 3.3 வோல்ட், 5 வோல்ட் வரிசைகளில் பெயருக்கு நின்றிருந்தன. நல்ல 650 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 54 ஆம்பியர் இருக்கும்.

இன்றைய கார்டுகள் தம் சராசரித் தேவையைவிடச் சில மடங்கு மின்சாரத்தை மைக்ரோ விநாடிக் கணக்கில் இழுத்துவிடுகின்றன. பவர் சப்ளைகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, பவர் சப்ளை தன் முழுத் திறனில் 200 சதவீதம் வரையிலான உச்சத்தை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று விதித்ததற்குக் காரணம் இதுவே. 80 பிளஸ் கோல்டு முத்திரையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை அளக்கிறதே தவிர, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தையோ ஆயுளையோ அளப்பதில்லை. 105 பாகை வெப்பத்துக்கு மதிப்பிடப்பட்ட கெபாசிட்டர்களும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்புகள்) பத்து ஆண்டு உத்தரவாதமும் எனக்கு அதைவிட நம்பகமான அடையாளங்கள்.

இன்னொன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பவர் சப்ளையிலிருந்து ஹார்டு டிஸ்குக்குச் செல்லும் சாட்டா கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் சொருகிய ஒருவரின் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே போயிற்று. கனெக்டர் பொருந்தினாலும் பவர் சப்ளை பக்கத்தில் பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பவர் சப்ளையை மாற்றினால் கேபிள் அனைத்தையும் மாற்றுங்கள்.

* * *

மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றோடு, ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரையும் சேர்க்க விரும்புகிறேன். திரவக் குளிர்விப்பானில் பம்பு தேயும். மூடிய குழாயிலிருந்தும் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். பம்பு நின்றால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். காற்றுக் கூலரில் தேயக்கூடியது விசிறி மட்டுமே, அதுவும் 120 அல்லது 140 மிமீ என்ற பொது அளவில் எங்கும் கிடைப்பது. என்னுடைய உலோகக் கூலர் ஏஎம்4 கணினியிலிருந்து ஏஎம்5 கணினிக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கூலர்களுக்கும் இது பொருந்தாது. ஏஎம்5 மதர்போர்டின் பின்தகடு (கூலரைத் தாங்கப் பின்புறம் இருக்கும் தகடு) கழற்ற முடியாதபடி அமைந்திருப்பதால், பலகையோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர்கள் அப்படியே பொருந்தும். தனக்கெனத் தனிப் பின்தகடு கொண்டவற்றுக்கு அந்த நிறுவனம் ஏஎம்5 இணைப்புத் தொகுப்பைத் தருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.