நியூகாசில் ஜெர்சி போட்டவன் மட்டும் பதில் சொல்ல வேண்டுமா?

டைன்கரை:

முதலில் என் ஜெர்சியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துக் குத்த வேண்டாம். கருப்பு வெள்ளைப் பட்டை. மதுரையிலிருந்து 2011-ல் படிக்க வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவன். நியூகாசில் கிளப்பின் ஸ்டேடியமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் கேலோகேட் பக்கம் சீசன் டிக்கெட். மனைவிக்கு ஃபுட்பால் ஆகாது, மகனுக்கு வேறு எதுவும் ஆகாது.

போன வெள்ளிக்கிழமை ஆபீசில் ஏதோ நன்கொடைக்காக ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுவிட்டு, பிடித்த டீம் ஜெர்சியில் வரலாம் என்றார்கள். கேண்டீனில் ஆர்சனல்காரர் ஒருவர் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "ரத்தப் பணத்தில் வாங்கின கப் இனிக்குதா?" என்றார், சிரித்துக்கொண்டுதான். அவர் நெஞ்சில் துபாய் விமானக் கம்பெனி எமிரேட்ஸ். கையில் 'விசிட் ருவாண்டா' என்ற சுற்றுலா விளம்பரம். சிப்ஸை எடுக்க அவர் கை நீட்டும்போதெல்லாம் ருவாண்டா என் மூக்குக்கு நேரே வந்து போனது. நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பதில் எல்லாம் வரிசையாக வந்தது.

என் ஆதங்கம் இதுதான். 2021 அக்டோபர் 7-ஆம் தேதி கிளப் கைமாறியது. 30.5 கோடி பவுண்டு. அதில் 80 சதவீதம் சவூதி அரசின் முதலீட்டு நிதியான பிஐஎஃப் கையில். அன்றிலிருந்து நாங்கள் ஒரு கோல் போட்டால்கூட மனித உரிமையைத் தொட்டுக்கொண்டுதான் செய்தி எழுதுகிறார்கள். 2022 மார்ச் 12-ல் சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை. மறுநாள் எங்களுக்குச் செல்சீயோடு மேட்ச், 89-வது நிமிஷத்தில் ஹாவெர்ட்ஸ் கோல் போட்டுத் தோற்றோம். மேட்ச் முடிந்ததும் எங்கள் கோச் எட்டி ஹவ்விடம் அந்த 81 பேரைப் பற்றிக் கேட்டார்கள். அவர் ஃபுட்பாலைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று நழுவினார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நாலே நாளில் பிரதமர் போரிஸ் ஜான்சன் எண்ணெய்க்காக ரியாத்துக்கே விமானம் ஏறினாரே, அதற்கு என்ன?

இதற்கு முன் எங்கள் முதலாளி மைக் ஆஷ்லி. அவர் காலத்தில் 2013 முதல் நாலு சீசன் எங்கள் நெஞ்சில் இருந்த பெயர் வோங்கா என்ற கடன் கம்பெனி. நம் ஊர் பாஷையில் சொன்னால் மீட்டர் வட்டி. ஆண்டு வட்டிக் கணக்கு 5,000 சதவீதத்தைத் தாண்டும். எங்கள் ஸ்ட்ரைக்கர் பாப்பிஸ் சிசே வட்டி மார்க்கத்துக்கு ஆகாது என்று அந்த ஜெர்சியைப் போட மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். பத்திரிகைகள் இரண்டு வாரம் சிரித்தன, அப்புறம் மறந்துவிட்டன. அடுத்து வந்தது சூதாட்டக் கம்பெனி. அப்போதெல்லாம் என்னைப் பார்த்து யாரும் மனசாட்சி கேட்கவில்லை.

மான்செஸ்டர் சிட்டிக்கு அபுதாபி, பாரிசுக்கு கத்தார், ஆர்சனலுக்கு துபாயும் ருவாண்டாவும். நாங்கள் மட்டும்தான் கொலைகாரர்களா? இதை இரட்டை அளவுகோல் என்று நான் சொன்னால் அது நியாயமா, இல்லை தப்பித்து ஓடும் வழியா? திட்டினாலும் பரவாயில்லை, விவரத்தோடு திட்டுங்கள்.

ஹைபரி பையன்:

தல, அந்த கேண்டீன் ஆள் நான் இல்ல, சத்தியமா. ஆனா நானும் அதே ஜெர்சிதான்.

உங்க கோபம் புரியுது. 2018-ல கையில ருவாண்டா வந்தப்போ நாங்க கவலைப்பட்டது டிசைனைப் பத்தி மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு கோடி பவுண்டுன்னு எழுதினாங்க. ஏழை நாட்டுக்கு இது தேவையான்னு ஹாலந்துல எம்பிங்க கேட்டாங்க, எங்க காதுல ஏறல. 2025 ஜனவரியில காங்கோவுல எம்23-ங்கற கிளர்ச்சிப் படை கோமா நகரத்தைப் பிடிச்சு, பின்னாடி ருவாண்டா ராணுவம் இருக்குன்னு பேச்சு வந்து, காங்கோ வெளியுறவு அமைச்சர் ருவாண்டா விளம்பரம் வாங்கின ஆர்சனல், பாயர்ன், பிஎஸ்ஜி மூணு கிளப்புக்கும் லெட்டர் எழுதின பிறகுதான் பல பேருக்கு உறைச்சுது. எங்க ஆளுங்களே சிலர் ஸ்டேடியம் வாசல்ல நின்னு 'விசிட் டாட்டன்ஹாம்'னு கைப்பட்டை கொடுத்தாங்க. ருவாண்டாவுக்கு எங்க பரம எதிரி டாட்டன்ஹாமே தேவலையாம்! ஒரு ஆர்சனல்காரன் இதைவிடப் பெரிய தியாகம் பண்ண முடியாது. கடைசியில 2025 நவம்பர்ல, இந்த சீசனோட முடிச்சுக்கறோம்னு கிளப்பே அறிவிச்சுது.

இப்ப என் பாயிண்ட். ஸ்பான்சரை எங்களால கழட்ட முடிஞ்சுது. உங்களுக்கு அது முதலாளி. சட்டையில இருக்கற எழுத்தைப் பிரிச்சு எடுக்கலாம், சட்டையே அவங்களோடதுன்னா எதைப் பிரிப்பீங்க? எங்களையும் உங்களையும் ஒரே தராசுல வைக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். எமிரேட்ஸ் பத்தி மட்டும் கேக்காதீங்க, ஸ்டேடியத்துக்கே அந்தப் பேர்தான், 2006-லேருந்து சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போச்சு.

இரவுப்பணி:

நான் முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பத்திரிகை டெஸ்கில் உட்கார்ந்தவன், அதிகமும் ராத்திரி ஷிப்ட். 'பத்திரிகைகள்' என்று எல்லோரையும் ஒற்றை ஆளைப் போல எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

போரிஸ் ஜான்சன் ரியாத் போனதை யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். கிழித்தார்கள் தம்பி. நீங்கள் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படித்து நடுவிலேயே மடித்திருப்பீர்கள். அரசியல் பக்கத்தைச் செய்கிறவர் வேறு, வர்த்தகப் பக்கத்தைச் செய்கிறவர் வேறு, ஸ்போர்ட்ஸ் டெஸ்க் இன்னொரு மூலையில். எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில் உங்கள் புகார் சரி: வர்த்தகப் பக்கம். 2016-ல் இதே பிஐஎஃப் ஊபரில் 350 கோடி டாலர் போட்டது. உங்கள் கிளப்பின் சேர்மன் யாசிர் அல்-ருமய்யான் ஊபர் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். ஊபர் ஏறுகிற யாரையும் கேண்டீனில் வழிமறிக்கிறார்களா? அங்கே அது 'முதலீடு'. ஃபுட்பாலுக்கு வந்தால்தான் அது 'பணம்'. காரணம் சாதாரணமானது. ஊபர் முதலாளி வாராவாரம் மைக் முன்னால் வந்து உட்காருவதில்லை. கோச் உட்கார வேண்டும், லீக் விதி. அகப்பட்டவனிடம்தானே கேள்வி கேட்க முடியும்?

சிட்டியை 2008 செப்டம்பரில் அபுதாபி அரச குடும்பத்து ஷேக் மன்சூர் தரப்பு வாங்கியபோது பேச்செல்லாம் அன்றே வந்து இறங்கிய பிரேசில் வீரர் ரோபினியோவைப் பற்றித்தான். விளையாட்டை வைத்துக் கெட்ட பெயரைக் கழுவுவதைச் சொல்லும் 'ஸ்போர்ட்ஸ்வாஷிங்' என்ற சொல்லே 2015-ல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. நீங்கள் வந்தபோது சொல் தயாராக இருந்தது. அதோடு ஜமால் கஷோக்ஜி. 2018 அக்டோபர் 2-ல் இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் போனவர் திரும்பி வரவில்லை. செத்தது பத்திரிகைக்காரன். எங்கள் தொழிலில் அது ஆறாது. அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தவர் பட்டத்து இளவரசர் என்று 2021-ல் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை சொன்னது, அவர் மறுக்கிறார். பிஐஎஃப் தலைவரும் அவர்தான்.

நீங்கள் இரட்டை அளவுகோல் தேடுகிறீர்கள் என்றால், கண் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2023-ல் டெலிகிராஃப் பத்திரிகையை வாங்க ரெட்பேர்ட் ஐஎம்ஐ என்ற கூட்டணி வந்தது. பணத்தின் பெரும்பங்கு ஷேக் மன்சூருடையது, சிட்டியை வைத்திருக்கும் அதே மன்சூர். பத்திரிகை சுதந்திரம் போச்சு என்று எம்பிக்கள் கொதித்தார்கள். 2024-ல் அயல்நாட்டு அரசுகள் பிரிட்டிஷ் செய்தித்தாளை வாங்க முடியாதபடி சட்டமே வந்தது. அடுத்த வருஷம் 15 சதவீதம் வரை போகட்டும் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள், அது வேறு கதை. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஊரே கட்டி வளர்த்த கிளப்பை அதே ஆள் முழுசாக வாங்கலாம், பேப்பரை வாங்கக் கூடாது. பத்திரிகைக்கு ஆபத்து வந்தால் பூட்டு, ரசிகனுக்கு வந்தால் தலையங்கம்.

ஆனால் ஒன்று. 2021-ல் பிரீமியர் லீக் என்ன சொல்லி அனுமதி கொடுத்தது? கிளப்பைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி செல்லும் உறுதிமொழி வாங்கியிருக்கிறோம் என்றது. 2023-ல் அமெரிக்காவில், பிஐஎஃப் பணத்தில் தொடங்கிய லிவ் கோல்ஃப் போட்டித் தொடர் பற்றிய வழக்கு. ஆவணங்களைக் கொடு, சாட்சி சொல்ல வா என்றபோது பிஐஎஃப் வக்கீல்கள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? நாங்கள் சவூதி அரசின் அங்கம், அல்-ருமய்யான் பதவியில் இருக்கும் அமைச்சர், எங்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள். நியூகாசிலில் அரசு இல்லை, கலிபோர்னியாவில் அரசு. உங்கள் கேண்டீன் நண்பரிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும்.

மெரினா மெஸ்ஸி:

எல்லா முதலாளியும் திருடன்தான். மேட்சைப் பாக்க விடுங்கய்யா.

தம்மாம் வாசி:

வணக்கம்ணே. நம்ம பக்கம் ராமநாதபுரம். இங்க சவூதி கிழக்கு மாகாணத்துல ஒரு கம்பெனியில சேஃப்டி ஆபீசரா ஒம்பது வருஷமா இருக்கேன். கேம்ப்ல வெள்ளிக்கிழமை ராத்திரி பெரிய டிவியில மேட்ச் போடுவாங்க. எங்க ரூம்ல கேரளாக்காரங்க ரெண்டு பேரு, ஒரு நேபாளி, நானு. நீங்க லிவர்பூலை ஜெயிச்சு கப் வாங்குன அன்னிக்கு நேபாளித் தம்பி கட்டில் மேல ஏறிக் குதிச்சான். அவனுக்கு நியூகாசில் எந்தத் திசையில இருக்குன்னு தெரியாது. 'நம்ம கம்பெனி டீம்'னு சொன்னான். நாங்க சிரிச்சோம்.

உங்களுக்கு வர்ற பணமும் எனக்கு வர்ற சம்பளமும் ஒரே கெணத்துத் தண்ணிதான்ணே. தங்கச்சி கல்யாணம், வீட்டுக்கு மாடி எல்லாம் இதுலதான். என்னைய யாரும் கேக்கல, கேட்டாலும் நான் போக மாட்டேன். பேப்பர் டெஸ்க் அண்ணன் எழுதுனதுக்குக் கீழ நாலு வரி எழுதியிருந்தேன். ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டு அழிச்சிட்டேன். நீங்க பேசுங்க, நான் படிச்சுக்கிறேன்.

டைன்கரை:

எல்லோருக்கும் நன்றி. மெரினா மெஸ்ஸிக்கும்தான், பாதி நாள் நானும் அந்தக் கட்சி.

இரவுப்பணி அண்ணா, பேப்பரை நடுவில் மடித்ததை ஒத்துக்கொள்கிறேன். கோல்ஃப் வழக்கு எனக்குப் புதுசு. படித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், கேள்வி கேட்டபோது மறைத்துவிட்டேன். கைமாறிய பிறகு முதல் ஹோம் மேட்ச், 2021 அக்டோபர் 17, டாட்டன்ஹாமோடு. நான் உள்ளே இருந்தேன். வெளியே ஸ்ட்ராபெரி பப் வாசலில் ஆளாளுக்குச் சமையலறைத் துண்டைத் தலையில் போட்டு மேலே கயிறு சுற்றிக்கொண்டு ஆடினார்கள். என் வரிசையில் பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் பெரியவர், நல்ல மனுஷர், என்னைத் திரும்பிப் பார்த்து, "இதை எப்படிக் கட்டறதுன்னு உனக்குத் தெரியுமே, கொஞ்சம் சரி பண்ணு" என்றார். கையில் நீலக் கட்டம் போட்ட துண்டு, ஓரத்தில் எண்ணெய்க் கறை. நான் மதுரைக்காரன், எனக்கு முண்டாசு தெரியும், இது தெரியாது என்றேன். முண்டாசே கட்டு என்றார். கட்டிவிட்டேன். இரண்டாவது நிமிஷத்தில் எங்கள் வில்சன் கோல் போட்டபோது முண்டாசு அவிழாமல் நின்றது. மேட்சை 3-2 என்று தோற்றோம். அந்த வாரமே கிளப், அப்படி உடுத்தி வர வேண்டாம் என்று அறிக்கை விட்டு, மூன்றே நாளில் அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது.

அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சிதான். ஆஷ்லி போனாரே என்ற மகிழ்ச்சி. யார் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

2025 மார்ச் 16-ல் வெம்ப்ளியில் டேன் பர்ன் தலையால் முட்டிய அந்தக் கோலுக்கு நான் அழுதேன். 1955-க்குப் பிறகு எங்களுக்கு முதல் உள்நாட்டுக் கோப்பை, 70 வருஷம். அதை யாருக்காகவும் திருப்பித் தர மாட்டேன். தராமல் இருப்பதற்கு 'ஆர்சனலும்தானே' என்று காரணம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் 'ஸ்போர்ட்ஸ்வாஷிங்குக்கு எதிரான ரசிகர்கள்' என்று ஒரு சின்னக் கூட்டம் உண்டு. மேட்ச் நாளில் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள், பாதிப் பேர் வாங்க மாட்டார்கள், சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு ஒரு தடவை கிடைத்தது. சல்மா அல்-ஷிஹாப் என்ற பெண்ணைப் பற்றி. இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் லீட்ஸ், அங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. விடுமுறைக்குச் சவூதி போனவரை ட்வீட் போட்டதற்காகப் பிடித்து, 2022-ல் 34 வருஷம் என்று தீர்ப்பு. பிறகு குறைத்தார்கள், 2025-ல் வெளியே வந்தார். பிரசுரத்தை ஜாக்கெட் பையில் மடித்து வைத்தேன். துணி துவைக்கும்போது மனைவி எடுத்து, "இது என்னங்க?" என்றாள். ஏதோ விளம்பரம் என்றேன்.

தம்மாம் தம்பி, அழித்த நாலு வரியைப் பற்றிக் கேட்க மாட்டேன். நேபாளித் தம்பிக்கு எந்த சைஸ் என்று சொல்லுங்கள், அடுத்த தடவை ஊருக்கு வரும் ஆளிடம் ஜெர்சி கொடுத்தனுப்புகிறேன். கருப்பு வெள்ளைதான்.

ஹைபரி பையன்:

தல, 2022-ல ஒரு வெள்ளை பச்சை தேர்ட் கிட் விட்டாங்களே, அச்சு அசல் சவூதி டீம் மாதிரி. அது வாங்கினீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லணும்.

டைன்கரை:

மகனுக்கு வாங்கினேன். பிறந்தநாளுக்கு. இப்போது சின்னதாகிவிட்டது, பீரோவில் கிடக்கிறது.