2006 ஜெனீவாவில் மீண்டும் தொடங்கிய பேச்சு ஏன் நிலைக்கவில்லை? அப்போது அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி கேட்டவர்: வவுனியா மாணவி

வணக்கம். நான் பிறந்தது 2004இல். அரசியல் விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். 2006இல் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் பேச்சைத் திரும்பத் தொடங்கியது பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

எனக்குத் தெரிந்த அளவு இதுதான். 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே வரை ஆறு சுற்றுப் பேசினார்கள். 2003 ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்தது 2006 பெப்ரவரி 22, 23ஆம் திகதிகளில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு மாளிகையில். யுத்தநிறுத்த ஒப்பந்தத்துக்கு அன்றுதான் நாலு வயது. ஏப்ரல் 19 முதல் 21 வரை மறுபடி சந்திப்பதாகச் சொல்லிப் பிரிந்தார்கள். அது நடக்கவே இல்லை. ஒக்டோபர் 28, 29இல் திரும்பவும் ஜெனீவா, அடுத்த திகதி குறிக்காமலே எழும்பினார்கள்.

அந்த ஒக்டோபர் பேச்சு ஏ-9ஐ, அதாவது யாழ்ப்பாணத்துக்குப் போகும் தரைப்பாதையைத் திறப்பதில் இறுகி நின்றது. எங்கள் விரிவுரையாளர் அந்தப் பாதை வெறும் சாட்டு, இரண்டு பக்கமும் சண்டைக்கு ஏற்கெனவே தயார் என்கிறார். அம்மாவைக் கேட்டால் "அப்ப பாதை பூட்டியிருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். எது சரி?

பதில் 1: வெள்ளவத்தை வாசகன்

உங்கள் விரிவுரையாளர் பக்கம்தான் நான். 2005 நவம்பர் 17 தேர்தலில் இருந்து தொடங்குங்கள். மகிந்த ராஜபக்ச யுத்தநிறுத்த ஒப்பந்தத்தை மீளாய்வு செய்வதாக ஜே.வி.பி., ஹெல உறுமய என்ற சிங்களத் தேசியவாதக் கட்சிகளோடு உடன்பாடு எழுதிக்கொண்டுதான் போட்டியிட்டார். வடக்கில் புலிகள் ஜனங்களை வாக்குப்போட விடவில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு அளவில்தான் அவர் வென்றார். வடக்கு வாக்களித்திருந்தால் கதை வேறு. டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடிக்கத் தொடங்கியது. ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்குள்ளே எங்கே பேசுவது என்று வேறு சண்டை. புலிகள் ஒஸ்லோ என்றார்கள், அரசு ஆசிய நாடு ஒன்று என்றது. நடுவராக நின்ற நோர்வேயின் சொல்ஹெய்ம் வந்து ஜனவரி 25இல் ஜெனீவா என்று முடித்துவைத்தார். எந்த ஊரில் உட்காருவது என்பதற்கே இந்தப் பாடு என்றால் உள்ளே என்ன பேசியிருப்பார்கள்?

கட்டுரையில் ஜூன் மாத ஒஸ்லோவையும் சேருங்கள், எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு குழுவும் நோர்வே வரை பறந்து போனார்கள். அரசு அணியில் அமைச்சர் யாரும் இல்லை என்று புலிகள் அறைக்குள் போகாமலே திரும்பினார்கள்.

பதில் 2: சுன்னாகம் லொறிக்காரன்

தங்கச்சி, நான் அரசியல் படித்தவன் இல்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்ததில் இருந்து 2006 வரை அந்தப் பாதையில் லொறி ஓட்டினேன். சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காயம் ஏற்றுவேன், கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் இறக்குவேன். வரும்போது சீனி, மா, சவர்க்காரம், பால்மா. அதனால் எனக்குத் தெரிந்தது பாதை. அதைச் சொல்கிறேன், கட்டுரைக்கு உதவுமோ தெரியாது.

பாதை திறந்திருந்த காலத்திலும் அது லேசான பாதை இல்லை. யாழ்ப்பாணப் பக்கச் சோதனைச்சாவடியான முகமாலையில் ஆமிக்காரன் மூடையை இறக்கச் சொல்லுவான், கம்பியால் குத்திப் பார்ப்பான், திரும்ப ஏற்ற வேண்டும். பிறகு நடுவில் ஒரு துண்டு நிலம். சூனியப் பிரதேசம் என்போம். செஞ்சிலுவைக்காரரின் வெள்ளை வாகனம் கொடியோடு நிற்கும். அந்தத் துண்டைத் தாண்டினால் இயக்கத்தின், அதாவது புலிகளின் சோதனை, அங்கேயும் இறக்கு, ஏற்று, வரி கட்டு. வவுனியாப் பக்கச் சாவடியான ஓமந்தையில் இதே கூத்து மறுபக்கமாக. வெங்காயத்தை ஒரு தரம் இறக்கி ஏற்றினாலே மேல்தோல் பறக்கும். நாலு தரம் என்றால் கொழும்புக்காரன் மூடையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "இது என்ன அண்ணை, உரிச்சுக் கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்பான். விலையைக் குறைக்க அவனுக்கு அது போதும்.

வரியைப் பற்றி ஒளிக்க ஒன்றும் இல்லை. பாதையைத் திறந்தால் புலிகள் வரி எடுப்பார்கள் என்று அரசு ஜெனீவாவில் சொன்னது பொய் இல்லை. என் கையாலேயே கட்டியிருக்கிறேன், துண்டும் தந்தார்கள். ஆனால் அந்த வரியையும் கட்டி, டீசலையும் அடித்து, சீனியைச் சுன்னாகத்தில் விற்க முடிந்தது. அதுதான் எங்களுக்குச் சமாதானம். வேறு ஒன்றும் கண்ணால் காணவில்லை.

2006 ஓகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. நான் சீனியோடு வவுனியாவில் நின்றேன். பின்னேரம் முகமாலையில் ஷெல் அடி என்று கதை வந்தது. ஓமந்தை பூட்டு. சரி, இரண்டு நாளில் திறப்பான் என்று நினைத்தோம், முன்பும் பூட்டித் திறந்திருக்கிறான். மனுசியும் இரண்டு பிள்ளைகளும் சுன்னாகத்தில். அங்கே கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்கு நான் கொமினிகேசனில் (காசு கட்டிப் பேசும் தொலைபேசிக் கடை) இருந்து எடுத்தால், பின்னால் நிற்பவர் தோளைத் தட்டும் வரைக்கும் பேசலாம். அவள் சொல்வது எல்லாம் வரிசைக் கதைதான். குடும்ப அட்டையோடு சங்கக்கடை வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, ஊரடங்குக்கு முன் வீட்டுக்கு ஓடி வந்தது. ஒரு நாள் "நீங்கள் ஏத்தின சீனி எங்கை?" என்று கேட்டாள். வவுனியாவில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒக்டோபர் 28, 29 சனி ஞாயிறு. நாங்கள் அகப்பட்ட லொறிக்காரர் ஒரு தேநீர்க்கடையில் கூடியிருந்தோம். இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. புலிகளின் குழுவுக்குத் தலைமை தாங்கிய தமிழ்ச்செல்வன் பாதையைத் திற என்கிறார். நிமல் சிறிபால டி சில்வா தலைமையில் போன அரசாங்கக் குழு கடலால் சாமான் அனுப்புகிறோம் என்கிறது. கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்கார ஐயா வானொலியைக் குறைத்துவிட்டு, "பாய் தலையணையைச் சுத்துங்கோ தம்பியவை, இது கனகாலம் போகும்" என்றார். ஞாயிறு இரவு அடுத்த திகதி இல்லை என்று செய்தி வந்தபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

கப்பல் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கப்பலில் வருவது கொழும்பு அனுப்ப நினைத்த சாமான். லொறியில் போவது சந்தை கேட்ட சாமான். இரண்டும் ஒன்றில்லை. அப்புறம் நாங்கள் வெளியே அனுப்பும் வெங்காயம், புகையிலை, மீன் எந்தக் கப்பலில் போவது?

உங்கள் விரிவுரையாளர் சாட்டு என்கிறார். இருக்கலாம். ஜெனீவாவுக்குப் போக இரண்டு கிழமைக்கு முன் முகமாலையில் ஆமி ஏராளமாகச் செத்தது. ஒக்டோபர் 16இல் ஹபரணைக்குப் பக்கத்தில் புலிகள் குண்டு லொறியால் மோதி, விடுமுறையில் போன கடற்படைக்காரர் கிட்டத்தட்ட நூறு பேரைக் கொன்றார்கள். அதே நாள் உயர்நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்றது. இந்த மூட்டையோடு போனவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 1995ஐப் பாருங்கள். அப்போதைய ஜனாதிபதி சந்திரிகாவோடு புலிகள் நாலு சுற்றுப் பேச்சு, மாறி மாறிக் கடிதம். அப்போதும் இறுகி நின்ற விஷயங்களில் ஒன்று பூநகரி ஆமி முகாமைப் பின்னுக்கு எடு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் சங்குப்பிட்டிப் பாதையைத் திற என்பது. நாங்கள் கிளாலிக் கடலில் இரவோடு இரவாகப் படகில் போய் வந்த காலம் அது. ஏப்ரல் 19இல் திருகோணமலையில் இரண்டு கடற்படைக் கப்பலைப் புலிகள் வெடிவைத்துத் தாழ்த்தினார்கள், முடிந்தது. இரண்டு தரமும் யாழ்ப்பாணத்துக்குள் போகும் பாதையில்தான் பேச்சு சிக்குப்பட்டது. சாட்டு என்றால் ஏன் இரண்டு தரமும் அதே சாட்டு?

என் எண்ணம் இதுதான்: பெப்ரவரியில் அவர்கள் ஒப்புக்கொண்டது தப்பில்லை. அரச படை தவிர வேறு ஒருவரும் ஆயுதத்தோடு திரியாமல் பார்ப்போம் என்று அரசு சொன்னது. படையினர் மீதும் பொலிஸ் மீதும் கைவைக்க மாட்டோம் என்று புலிகள் சொன்னார்கள். ஆனால் இதைச் செய்தார்களா என்று பார்க்க இருந்தது நோர்வே முதலிய ஐந்து நாட்டவர் இருந்த யுத்தநிறுத்தக் கண்காணிப்புக்குழு மட்டும். அவர்கள் விசில் ஊதலாம், அட்டை காட்ட முடியாது. மே கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளுக்குத் தடைபோட, அந்தக் குழுவில் இருந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க்காரரை வெளியே போ என்று புலிகள் சொன்னார்கள். செப்டெம்பருக்குப் பிறகு நோர்வேயும் ஐஸ்லாந்தும்தான் மிச்சம். விசிலும் பாதியாகிவிட்டது.

பதில் 3: கிள்ளான் பாலா

லொறிக்கார அண்ணே, அந்த விசில் கதை எனக்குப் புரிகிறது. எங்கள் மலேசியா நடுவராக நின்ற, தெற்குப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ பேச்சைத் தங்கச்சி ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2008 ஓகஸ்ட் 5ஆம் தேதி கோலாலம்பூரில் பிலிப்பைன்ஸ் அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் கையெழுத்துப் போட வேண்டியது. முதல் நாள் அவர்கள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உடனே சண்டை, லட்சக்கணக்கில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மலேசியக் கண்காணிப்பாளர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

மறுபடி உட்கார்ந்தது 2009 கடைசியில். நடுவர் ஒருவர் போதாது என்று பிரிட்டன், ஜப்பான், துருக்கி, சவூதி, கூடவே சில தொண்டு அமைப்புகளையும் சேர்த்து ஒரு தொடர்புக் குழு வைத்தார்கள். களத்தில் இரண்டு தரப்பு ஆட்களும் சேர்ந்தே உட்காரும் போர்நிறுத்தக் குழு அதற்கு முன்பே இருந்தது, அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். 2014 மார்ச் 27இல் ஒப்பந்தம். அடுத்த ஜனவரியில் மமாசபானோவில் 44 போலீஸ்காரர்கள் செத்தார்கள். மணிலாவில் கொதிப்பு, நாடாளுமன்றத்தில் தன்னாட்சி மசோதா படுத்தே விட்டது. ஆனால் பேச்சு முறியவில்லை. 2019இல் வாக்கெடுப்பு நடத்தித் தன்னாட்சிப் பகுதி வந்தது. அதிலும் குறை நிறைய உண்டு, அதைப் பேசினால் விடிந்துவிடும்.

பதில் 4: வவுனியா மாணவி

மூன்று பேருக்கும் நன்றி. பூநகரியையும் முகமாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசிக்கவே இல்லை. வெள்ளவத்தை அண்ணா, உங்கள் தேர்தல் பகுதியை முதலில் வைக்கிறேன்.

லொறிக்கார அண்ணை, நீங்கள் எப்படி வீட்டுக்குப் போனீர்கள்? பெப்ரவரிப் பேச்சு நடந்தபோது நம்பினீர்களா?

பதில் 5: சுன்னாகம் லொறிக்காரன்

நம்பினேன். பெப்ரவரியில் நம்பி இரண்டு புது டயர் போட்டேன், கடனுக்கு. ஏப்ரலில் புலிகளின் கிழக்குத் தளபதிகளை வன்னிக்கு எப்படிக் கொண்டுபோவது, ஹெலியிலா கப்பலிலா என்று இழுபட்டபோதே டயர்காரர் காசு கேட்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்குக் கப்பலில்தான் போனேன், திருகோணமலையில் இருந்து. ஆமியின் கிளியரன்ஸ் எடுத்து, பெயர் வரும் வரை காத்திருந்து, நத்தார் கழிந்த பிறகு. லொறியை வவுனியாவில் ஒரு தெரிந்தவர் வளவில் விட்டுவிட்டுப் போனேன். 2009 முடிவில் பாதை திறந்து வந்து பார்த்தபோது டயர் நாலும் இல்லை, கபினுக்குள் கோழி முட்டை போட்டிருந்தது. இப்போது ஓட்டுவது வேறு லொறி. முகமாலையில் ரோட்டோரம் சிவப்பு மிதிவெடிப் பலகைகளைப் பிறகும் கன வருடம் பார்த்தேன்.

அந்தக் கிளியரன்ஸ் துண்டும் இயக்கத்தின் வரித் துண்டு ஒன்றும் அலுமாரியில் ஒரே உறைக்குள் கிடக்கின்றன. கட்டுரைக்கு வேண்டுமென்றால் பெயரை மறைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். நாளைக்குக் காலை லோட் இருக்கிறது, திரும்பி வந்த பிறகு.