மறு: 'ஒர்க்ஃபோர்ஸ் பிளானிங்' – காவல்துறைக்கு 'ஆளணித் திட்டமிடல்' எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் சொற்பட்டியலில் 'ஒர்க்ஃபோர்ஸ் பிளானிங்' என்பதற்குத் தமிழாகச் சென்ற வாரம் முன்வைக்கப்பட்ட 'மனிதவளத் திட்டமிடல்', 'பணிப்படைத் திட்டமிடல்', 'பணியிடத் திட்டமிடல்' ஆகிய மூன்று சொற்களையும் காவல்துறையின் நடைமுறையோடு வைத்துப் பார்த்தேன். 'மனிதவளத் திட்டமிடல்' பழகிய சொல்தான். ஆனால் அது பயிற்சி, ஊதியம், நலன் என எல்லாவற்றையும் தன்னுள் இழுத்துக்கொள்வதால், எந்த ஆண்டில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் போவார்கள், எஞ்சியவர்கள் எங்கே நிற்பார்கள் என்று கணக்கிடும் இந்த ஒரு வேலையைச் சுட்ட அது போதவில்லை. 'பணிப்படை' வேறு துறைகளுக்குப் பொருந்தலாம். ஆயுதப்படை, சிறப்புக் காவல்படை என்று 'படை' ஏற்கெனவே குடியிருக்கும் துறையில் அது குழப்பும். மூன்றாவதாக ஐயா ஒருவர் எழுதிய 'பணியிடத் திட்டமிடல்' என்பதைத்தான் விரிவாக மறுக்க விரும்புகிறேன், ஏனென்றால் பலருக்கும் அது உடனே பிடித்துவிட்டது.

இடம் வேறு, ஆள் வேறு. காவல் நிலைய வாசலில் இரவு பகலாக நிற்கும் பாரா, அதாவது வாயிற்காவல், ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேர முறையில் நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு 21 முறை வருகிறது. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு காவலர்களுக்கு வார விடுப்பு வழங்கி ஆணையிட்டது. அதன்படி ஒருவர் வாரத்தில் 6 முறைதான் நிற்கலாம். ஆக, ஓர் இடத்தை நிரப்ப மூன்றரை ஆள் வேண்டும். தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும் பயிற்சியும் சேர்ந்தால் அது நான்கைத் தொடும். இந்தக் கணக்குத்தான் திட்டமிடலின் உயிர். 'பணியிடம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதவே முடியாது.

என் அண்ணன் ஒரு சிற்றூர்க் காவல் நிலையத்தில் ரைட்டராக, அதாவது நிலைய எழுத்தராக, இருந்தவர். மறுநாளுக்கான பணிப் பட்டியலை அவர் எழுதுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெயர்களை நீல மையில் வரிசையாக எழுதிவிட்டு, எதிரில் சிவப்பு மையில் 'கோர்ட்', 'பாரா', 'வழிக்காவல்', 'பந்தோபஸ்து', 'ஓ.டி.' (வேறிடப் பணி), 'மெடிக்கல்' என்று குறித்துக்கொண்டே இறங்குவார். சிவப்பு விழாத பெயர்கள்தாம் மறுநாள் ஊருக்கு. அவற்றை எண்ணிப் பார்த்துச் சற்று நேரம் பேனாவை மூடி வைத்திருப்பார். பிறகு பட்டியலின் மேலே போய் யாரோ ஒருவருடைய விடுப்பை அடித்துவிடுவார். அந்தத் தாளில் மூன்று எண்கள் இருந்தன: அரசு ஒப்பளித்த இடங்கள், பெயருள்ள ஆட்கள், சிவப்பு விழாத ஆட்கள். மூன்றையுமே நிலையத்தில் 'ஸ்ட்ரெங்த்' என்ற ஒரே சொல்லால்தான் சொல்வார்கள்.

இலங்கைத் தமிழ் நிருவாக வழக்கில் 'ஆளணி', 'பதவியணி' என்ற இரு சொற்கள் நெடுநாளாகப் புழங்குகின்றன. 'வைத்தியசாலையில் ஆளணிப் பற்றாக்குறை' என்ற தொடரை அந்நாட்டு நாளிதழ்களில் எவரும் பார்த்திருக்கலாம். அங்கே இரண்டையும் சில நேரங்களில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து எழுதுகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும், ஒப்பளித்த இடங்களின் தொகுதிக்குப் பதவியணி என்றும், அவ்விடங்களில் உண்மையில் இருக்கும் மனிதர்களுக்கு ஆளணி என்றும் நாம் வரையறுத்துக்கொண்டால், தேடிய வேறுபாடு நம் மொழிக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இவை விளங்குமா என்று அம்மையார் ஒருவர் ஐயுற்றிருந்தார். ஆள், அணி, பதவி ஆகிய மூன்றில் எதற்கு அகராதி தேவை?

அடுத்தது 'ரெக்ரூட்மென்ட்'. 1991இல் அமைந்த வாரியத்தின் பெயர் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அங்கே 'தேர்வு' சரியே. ஆளைத் தெரிந்தெடுப்பது அதன் வேலை. நம் சொற்பட்டியலில் மட்டும் 'ஆள்சேர்ப்பு' என்றே எழுத வேண்டுகிறேன், ஏனெனில் தேர்வு முடிந்த அன்று நிலையத்துக்கு ஆள் வந்துவிடுவதில்லை. 2022ஆம் ஆண்டு அறிவிக்கையில் 3,552 இடங்களும் 2023இல் 3,359 இடங்களும் அறிவிக்கப்பட்டன. இவற்றை இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என மூன்று துறைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். காவலராகத் தேர்வானவர் பயிற்சியை முடித்து, ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல்படையிலோ சில ஆண்டுகள் இருந்த பிறகே பெரும்பாலும் தாலுகா நிலையத்துக்கு, அதாவது ஊர்க் காவல் நிலையத்துக்கு, வருகிறார். எனவே இன்றைய ஆள்சேர்ப்பு, பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஒரு பணிப் பட்டியலுக்கானது.

போகிறவர்களைக் குறிக்கும் 'அட்ரிஷன்' என்பதற்கு ஒருவர் 'ஆள்கழிவு' என்றார். மனிதர்களுக்குக் கழிவு என்ற சொல் வேண்டாம். 'நீக்கம்' தண்டனையை நினைவூட்டுகிறது. 'விலகல்' தானாகப் போவதை மட்டும் சொல்கிறது. ஓய்வு, இறப்பு, வேறு அரசுப் பணி கிடைத்துப் போவது ஆகிய எல்லாவற்றுக்கும் 'ஆள்நீங்கல்' பொருந்தும். இச்சொல் கணக்கில் எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. அதனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வால் ஆள்நீங்கல் நின்றுபோய், 2022 மே மாதத்தில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இரண்டு ஆண்டு எண்களை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர், சேர்க்க வேண்டியதைவிடக் குறைவாகவே சேர்ப்பார்.

ஆகவே ஒர்க்ஃபோர்ஸ் பிளானிங்குக்கு 'ஆளணித் திட்டமிடல்' என்பதை முன்மொழிகிறேன். ஒப்பளித்த இடங்களுக்குப் பதவியணி, இருப்பவர்களுக்கு ஆளணி. சிவப்பு விழாத பெயர்களுக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. 'களப்பலம்' என்று எழுதிப் பார்த்தேன். அது போர்க்களத்தை நினைவூட்டுகிறது. 'நிற்கும் ஆளணி' எளிமையாக இருந்தாலும் சற்று நீளம். பணிப் பட்டியல் எழுதிப் பழகியவர்கள் இக்குழுமத்தில் இருந்தால், தங்கள் நிலையங்களில் இதற்கு வாய்மொழியாக வழங்கும் சொல் உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.