சைக்கிள் பெடலில் பூட்டிய ஆணிகள் கழன்று விழுகின்றன: உதவி தேவை

மாரிக்கால ஓட்டி: கார்த்திகை மழையில் பெடலில் கால் வழுக்குவதால், பிடிமானத்துக்காக ஒவ்வொரு பெடலிலும் எட்டு மரையாணிகள் பூட்டினேன். பண்ணைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று விழுந்துவிட்டன. நாளை காலை வேலைக்குப் போக வேண்டும்; விரைவாகச் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்: எந்தப் பெடல் என்று எழுதவில்லையே. பிளாஸ்ரிக்கா, அலுமினியமா, பழைய றப்பர் கட்டை வைத்ததா? ஆணியின் பருமன் என்ன, துளைகருவியில் எத்தனை மில்லிமீற்றர் அலகைப் போட்டுத் துளைத்தீர்கள்?

வடமராட்சியான்: துளைக்குள் அரால்டைற் பசை விட்டு ஆணியை இறக்கி, ஓர் இரவு காயவிடுங்கள். என் வீட்டுக் குடைப்பிடியும் அப்படித்தான் நிற்கிறது.

மாரிக்கால ஓட்டி: பிளாஸ்ரிக். ஆணி 4 மில்லிமீற்றர், ஆகவே 4 மில்லிமீற்றர் அலகாலேயே துளைத்தேன்.

பழைய ஸ்பானர்: அந்த "ஆகவே"யில்தான் பிழை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஆணியின் பருமனுக்கே துளைத்தால் மரை பிடிப்பதற்குச் சுவரில் ஒன்றும் மிஞ்சாது. 4 மில்லிமீற்றர் ஆணிக்கு 3.3 மில்லிமீற்றர் அலகுதான் வேண்டும். துளையை இனிச் சிறிதாக்க முடியாது என்பதால், 4.2 மில்லிமீற்றர் அலகால் சற்றே பெரிதாக்கி, மரை வெட்டி, 5 மில்லிமீற்றர் ஆணியைப் பூட்டுங்கள். குடைப்பிடியில் யாரும் ஏறி மிதிப்பதில்லை.

சுன்னாகத்தான்: அதற்கு முன் பெடல் விளிம்பின் அகலத்தை அளந்து பாருங்கள், சுவர் மெல்லியதாக இருந்தால் 5 மில்லிமீற்றர் ஆணி அதை வெடிக்க வைக்கும். அச்சு ஓடும் நடுப்பகுதியில் துளைக்கவே வேண்டாம். தலையில்லாத ஆணியை, அலன் சாவி பிடிக்கும் குழி கீழ்நோக்கி இருக்கும்படி அடியிலிருந்து ஏற்றினால், மேல்முனை கல்லில் அடிபட்டு நசுங்கினாலும் பிறகு கழற்றலாம்.

வடமராட்சியான்: செருப்போடு ஓடுகிறவருக்கு ஆணி எதற்கு? ஒரு மாதத்தில் செருப்பின் அடி தேய்ந்துவிடும், கால் தவறினால் கணைக்கால் கிழியும். றப்பர் கட்டைப் பெடலுக்கு மாற்றினால் போதும்.

பழைய ஸ்பானர்: தேய்ந்த றப்பர் கட்டை மழையில் சவர்க்காரம் போல வழுக்கும் என்பது, அதை மிதித்துப் பார்த்தவருக்குத் தெரியும்.

வடமராட்சியான்: தேய்ந்ததை யார் பூட்டச் சொன்னது?

சுன்னாகத்தான்: செருப்பா, சப்பாத்தா என்று அவரே சொல்லட்டும். துளைப்பதற்காகப் பெடலைக் கழற்றுவதானால், இடப்பக்கத்தின் மரை எதிர்த்திசையில் ஓடுவதை மறந்துவிட வேண்டாம். வழமைபோல் இடஞ்சுழியாகத் திருகினால் அது மேலும் இறுகும்.

மாரிக்கால ஓட்டி: 5 மில்லிமீற்றர் பூட்டினேன், இறுகிவிட்டது. வலப்பக்க மூலையில் ஒன்று வெடித்தது, அதை விட்டுவிட்டேன். செருப்புத்தான். நன்றி.