நாய் மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள்

(குழு: அஸ்தம்பட்டி வீடு)

கோமதி: ஞாயிறு அப்பா திதி. எல்லோரும் 10 மணிக்குள் வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு தொல்லை, நாய் ராஜாவின் காது முழுக்க உண்ணி. திண்ணைச் சுவரிலும் ஏறுகிறது. குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது?

பிரபு: ஏற்காடு எஸ்டேட் போய் வந்ததிலிருந்துதான் அத்தை

சுந்தரம்: உடனே எஸ்டேட் மேல் பழியா? மண்ணெண்ணெய் தடவு, உதிர்ந்துவிடும்

பிரபு: பழி இல்லை சித்தப்பா

செல்வி: எஸ்டேட் பேச்சு இங்கே வேண்டாம். இலை யார் வாங்குவது?

கோமதி: முதுகில் விடும் சொட்டு மருந்து வாங்கி நேற்று ராஜாவுக்கு விட்டேன். கொஞ்சம் மீதி இருக்கிறது. பூனை மீனுவும் தெள்ளு கடித்துச் சொறிந்துகொண்டே இருக்கிறாள், அவளுக்கும் விட்டுவிடவா?

கவிதா: வேண்டாம் அத்தை!!

கவிதா: கீழே வையுங்கள். உறையைப் படம் எடுத்து அனுப்புங்கள்

கோமதி: (படம்)

கவிதா: பெர்மெத்ரின் என்று போட்டிருக்கிறது பாருங்கள். நாய் தாங்கும், பூனைக்கு அது விஷம். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, உடம்பு உதறும், வலிப்பு வரும், உயிரே போகலாம். மீனு ராஜாவோடு ஒரே சாக்கில்தானே படுப்பாள், மூன்று நாளைக்கு அவளைத் தனியாக வையுங்கள், அவன் முதுகை நக்கிவிடக் கூடாது. நடுக்கம் தெரிந்தால் காத்திருக்காமல் நேரே கால்நடை டாக்டரிடம் போங்கள். தெள்ளுக்குப் பூனைக்கென்றே மருந்து இருக்கிறது, எடை பார்த்துக் கொடுப்பார்கள்.

கோமதி: ஐயோ. கையில் எடுத்துவிட்டேன் கவி

பிரபு: நல்ல வேளை

சுந்தரம்: மண்ணெண்ணெய்?

கவிதா: அதுவும் வேண்டாம் சித்தப்பா, தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது. நாயின் மேல் இருப்பதை மட்டும் எடுத்தாலும் தீராது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலில்தான் முட்டையிடும், ஆயிரக்கணக்கில். இரை இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் திண்ணை விரிசலைப் பூசுங்கள், சாக்கைக் கொதிநீரில் போடுங்கள். ராஜா சாப்பிடுகிறானா? ஈறு வெளுத்திருக்கிறதா?

கோமதி: இரண்டு நாளாகச் சோறு அப்படியே இருக்கிறது. வெயில் என்று நினைத்தேன்

கவிதா: வெயில் இல்லை அத்தை. நாளைக் காலையிலேயே கூட்டிப்போய் இரத்தம் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும், மூக்கில் இரத்தம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும், மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும்.

பிரபு: மூக்கில் இரத்தமா

பிரபு: நம் பழைய நாய் மணிக்கும் அப்படித்தானே வந்தது

செல்வி: ஆமாம். 2014 சித்திரை. சோறு தொடாமல் நான்கு நாள் கிடந்தது

கோமதி: எதிர் வீட்டில் விஷம் வைத்தார்கள் என்றல்லவா சொன்னோம்

கவிதா: விஷத்திலும் இரத்தம் வரும், அன்றைக்கு யாரும் சோதிக்கவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மணி காதிலும் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது, நானே பிடுங்கியிருக்கிறேன்.

செல்வி: அன்று அவர்கள் வாசலில் நின்று கத்தியது உன் சித்தப்பாதான்

பிரபு: சித்தி, இங்கே வேண்டாமே

செல்வி: அந்த எதிர் வீட்டு அக்காவைத் திதிக்குக் கூப்பிடலாமா? ஐந்து பேர்தான் அவர்கள்

கோமதி: அண்ணனைக் கேள்

செல்வி: பார்த்துவிட்டார். பதில் இல்லை

பிரபு: நாளை 8 மணிக்கு வண்டி கொண்டு வருகிறேன் அத்தை. ராஜாவுக்கு வாய்க்கட்டு இருக்கிறதா?

கோமதி: பழைய துண்டுதான்

சுந்தரம்: இலை நான் வாங்குகிறேன், வ.உ.சி. மார்க்கெட்டில். எத்தனை?

கோமதி: 40 போதும்

சுந்தரம்: 45 வாங்குகிறேன்

செல்வி: சரி

கோமதி: மீனுவை மாடி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். ராஜா கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்