கோல்டன் சைப்ரஸ் அடியிலிருந்து காய்கிறது: கவாத்து செய்யலாமா?

கோத்தகிரித் தோட்டம்:
வணக்கம். கேட்டிலிருந்து வாசல் வரை வரிசையாகக் கோல்டன் சைப்ரஸ் வைத்திருக்கிறோம், ஆளுயரம் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததிலிருந்து மூலைச் செடி மட்டும் நிறம் மங்கி, அடியிலிருந்து பழுப்பாகிறது. மற்றவற்றிலும் கிளையை விலக்கினால் உள்ளே காய்ந்த இலை தெரிகிறது. நர்சரியில் கொடுத்த கார்பன்டாசிம் என்ற பூஞ்சை மருந்தை அடித்துப் பார்த்தோம், மாற்றமில்லை. தோட்டவேலைக்கு வரும் அண்ணன் தேயிலையில் பழகியவர். "பாதிக்குக் கவாத்து பண்ணிட்டா துளிர்த்துடும்மா" என்கிறார். வெட்டலாமா?

மலைநாற்று:
வெட்ட விடாதீர்கள் அம்மா. தேயிலைக்கு வெறும் கட்டையிலும் மொட்டு உறங்கிக் கிடக்கும், அதனால் கவாத்துக்குப் பிறகு துளிர்க்கிறது. சைப்ரஸில் பச்சை இல்லாத பழைய கட்டையை வெட்டினால் அநேகமாகத் துளிரே வராது, அந்த இடம் ஓட்டையாகவே நிற்கும். பச்சை நுனியை மட்டும் லேசாகக் கத்தரிக்கலாம்.

உள்பக்கம் காய்வதற்குப் பயப்பட வேண்டாம். வெளிச்சம் படாத பழைய இலையைச் செடியே கழிக்கும். கையை விட்டு உதிர்த்துவிடுங்கள், காற்று புகும்.

மூலைச் செடியைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். பட்டை வெடித்துப் பிசின் வடிகிறதா? அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளை சிவந்து காய்ந்து பிசினும் வந்தால், செய்ரிடியம் என்ற பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். இந்த மரத்தின் சொந்த ஊரான கலிஃபோர்னியாவிலேயே 1928இல் கண்டுபிடித்த நோய் அது. அதற்கு மருந்தை நம்ப முடியாது, நோய்க்கிளையை நல்ல பகுதி வரை வெட்டி எரிக்க வேண்டும். அப்புறம் வெள்ளைத்தாளைக் கிளைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். பொடிப்பொடியாக ஏதாவது ஊர்ந்தால் செஞ்சிலந்தி. இரண்டும் இல்லையென்றால் தண்டடி மண்ணை விலக்கி, பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கோத்தகிரித் தோட்டம்:
பிசின் இல்லை, தாளிலும் ஒன்றும் ஊரவில்லை. மண்ணை விலக்கினோம். தண்டு நாலு விரற்கடை புதைந்திருக்கிறது. மேலே சுரண்டினால் வெளிர்பச்சை, மண்மட்டத்தில் ஈரமான செம்பழுப்பு. அதுவும் முக்கால் சுற்றுக்கு. பொடிவேரை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி மட்டும் மிஞ்சுகிறது. கூரைத் தண்ணீர்க் குழாயும் அந்த மூலையில்தான் கொட்டுகிறது.

ஏற்காடு மிளகு:
அக்கா, இது வேரழுகல். பெரும்பாலும் ஃபைட்டாப்தோரா என்ற நோய்க்கிருமியாகத்தான் இருக்கும். எங்கள் மிளகுக்கொடியைச் சாய்க்கும் வாடல் நோயும் இந்தக் குடும்பம்தான். இது உண்மையான பூஞ்சை இனமில்லை, அதனால் கார்பன்டாசிம் இதைத் தொடாது. மண்ணில் தண்ணீர் தேங்கினால் இதன் வித்துகள் நீந்தியே அடுத்த வேருக்குப் போய்விடும். குழாயை இன்றே திருப்பிவிடுங்கள், மருந்தைவிட அதுதான் முக்கியம்.

முக்கால் சுற்று போன செடி பிழைக்காது. வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காமல் வேரோடு எடுத்துவிடுங்கள். அந்த மண் வேறெங்கும் போகக்கூடாது, மண்வெட்டியையும் கழுவிவிடுங்கள். பக்கத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேரடியில் ஊற்றலாம். நோய் வந்த செடியை அது குணமாக்காது, தடுப்புக்குத்தான். நோயைத் தடுக்க மண்ணில் இடும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், தாமிரம் அதையும் அடக்கிவிடும்.

கோவை மாடி:
இடையில் ஒரு சந்தேகம் சார். இதே செடியைக் கோவையில் தொட்டியில் வைக்கலாமா?

மலைநாற்று:
குளிர்ந்த கடலோர மூடுபனியில் வளர்ந்த மான்டெரி சைப்ரஸின் வகை இது, இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணக்கும். கோவை வெயிலில் அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. தூஜா வையுங்கள், வெயிலைத் தாங்கும்.

கோத்தகிரித் தோட்டம்:
செடியை எடுத்துவிட்டோம், குழாயையும் திருப்பியாயிற்று. அண்ணனும் வேரைப் பார்த்துவிட்டுக் கத்தியை உள்ளே வைத்துவிட்டார். அதே குழியில் புது சைப்ரஸ் வைக்கலாமா?

ஏற்காடு மிளகு:
வேண்டாம் அக்கா, மண்ணில் அது வருஷக்கணக்கில் கிடக்கும். ஈரம் தாங்கும் கல்வாழை போடுங்கள். மற்ற செடிகளின் அடியிலும் மண் ஏறியிருந்தால், வேர் பிரியும் இடம் வெளியே தெரியும் வரை இழுத்துவிடுங்கள்.